விளையாட்டுக்குக் கூலி

விளையாட்டு சோறு போடுமா என்று பிள்ளைகளைக் கேளாத பெற்றோர் நம்மவரிடையே மிகச் சிலரே. மாலை வேளையிற் பந்தோடு புறப்படும் மகனை வாசலில் மறித்து இக்கேள்வியைக் கேட்பது எமது வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பரீட்சையும் உத்தியோகமும் வயிற்றுக்கு வழிகாட்டுவதுபோலப் பந்தும் துடுப்பும் எல்லோருக்கும் வழிகாட்டுவதில்லை. ஆயினும் அக்கேள்வியின் உள்ளே வேறோர் எண்ணமும் ஒளிந்திருக்கின்றது. விளையாடிச் சோறு உண்பது சற்றே தாழ்ந்த காரியம் என்பதே அவ்வெண்ணம். பாடசாலைக்காக ஆடிக் கிண்ணம் வென்று வந்தால் மாலை சூட்டுகின்றோம். அதே ஆட்டத்தை ஆடுவதற்கு ஒருவன் கூலி பேசினான் என்று கேள்விப்பட்டால் முகஞ் சுளிக்கின்றோம்.

இம்மனப்பான்மை எமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கிரிக்கெட் உலகில் ஊதியம் பெறாது ஆடியோர் ‘கனவான்கள்’ என்றும், ஊதியம் பெற்று ஆடியோர் வெறும் ‘ஆட்டக்காரர்’ என்றும் பிரிக்கப்பட்டனர். ஒரே அணியில் நின்று ஆடிய இரு சாராருக்கும் பல மைதானங்களில் உடைமாற்றும் அறைகள் வேறு. மைதானத்துள் இறங்கும் வாயில்களும் வேறு. இப்பாகுபாடு 1962ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. சாதியின் பெயரால் வாயில்கள் வேறுபட்டு நின்றதை அறிந்த எமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த வழக்கு அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுந்தது. விளையாட்டுக்குக் கூலி பெறலாமா, பெற்றால் அதனை வெளியே சொல்லலாமா என்ற வினாக்களுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர்களுள் ஒருவர் அல்பேட் ஸ்போல்டிங் என்னும் பந்தெறிவாளர். கூடைப்பந்தின்மீது அப்பெயர் பொறித்திருப்பதைப் பார்த்த மாணவர் பலர். அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை அறிந்தவர் சிலர். அம்மனிதர் ஒருமுறை எமது கொழும்பு மாநகருக்கும் வந்து போனார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தனிமைக்கு மருந்து

ஸ்போல்டிங் 1850ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள், இலினோய் மாநிலத்திலுள்ள பைரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறு பிள்ளையாயிருந்தபோதே தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதளவில் தாயார் அவரை ரொக்ஃபோட் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். படிப்பை முன்னிட்டு அயலூரில் உறவினரிடம் விடப்பட்ட பிள்ளைகள் எமது ஊர்களிலும் உண்டு. மாலையானதும் தொண்டையை அடைக்கும் அந்தத் துயரத்தை அவர்கள் அறிவார்கள்.

அப்பையன் கூச்ச சுபாவமுள்ளவன். நகரப் பிள்ளைகள் வெட்டவெளியொன்றில் பேஸ்போல் ஆடுவதைத் தொலைவில் அமர்ந்து பார்ப்பான். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நா எழாது. ஒரு நாள் அடிபட்ட பந்தொன்று அவனிருந்த பக்கமாகப் பறந்து வந்தது. துள்ளி எழுந்து வலக்கையால் அதனைப் பற்றி, பந்து பிடிப்பவன் கைக்கே நேராக எறிந்துவிட்டான். மறுநாள் தொடக்கம் அவனை ஆட்டத்துக்கு அழைக்கலாயினர். முதுமையில் எழுதிய நூலில் ஸ்போல்டிங் இந்நிகழ்ச்சியை உருக்கத்தோடு நினைவுகூருகின்றார். பெரும் புகழையும் பெரும் பொருளையும் பின்னாளிற் கண்டவருக்கு, வாழ்க்கையின் முதற் பேறு தம்மையும் சேர்த்துக்கொண்ட ஒரு விளையாட்டே.

பேஸ்போல் ஆட்டத்தைக் கண்டறியாதவர்கள், நமது நாட்டு எல்லே விளையாட்டை நினைத்துக்கொண்டாற் போதும். ஒருவர் பந்தை எறிய, மற்றவர் தடியால் அடித்துவிட்டு ஓடுவார். சுற்றிலும் அமைந்த தளங்களைத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். பேஸ்போலில் பந்தை எறிபவர் எதிரணியைச் சேர்ந்தவர். அடிப்பவரை ஏமாற்றுவதே அவர் வேலை. கிரிக்கெட்டிற் பந்து வீசுவோர் மாறி மாறி வருவர். பேஸ்போலிலோ அக்காலத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் ஒருவரே எறிவார். ஆகவே அணியின் வெற்றி தோல்வி அவர் கையிலேயே தங்கியிருந்தது.

பலசரக்குக் கடை இலிகிதர்

1867ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வொஷிங்ரன் நகரின் நஷனல்ஸ் அணி நாட்டைச் சுற்றி ஆடி வந்தது. அதற்கு இணையில்லை என்று அனைவரும் எண்ணியிருந்த வேளையில், சிக்காகோவிலே ரொக்ஃபோட் நகரின் சிறிய அணி அதனை 29க்கு 23 என்ற ஓட்டக் கணக்கில் வீழ்த்தியது. அன்று பந்தெறிந்த ஸ்போல்டிங்குக்குப் பதினேழு வயது நிறையவில்லை.

செய்தி பரவியது, அழைப்பும் வந்தது. சிக்காகோவில் ஒரு மொத்தப் பலசரக்கு வியாபார நிலையத்தில் இலிகிதர் வேலை. சம்பளம் வாரத்துக்கு 40 டொலர். அக்காலத்தில் அனுபவம் மிக்க இலிகிதர்களும் கனவு காண முடியாத தொகை அது. பதினேழு வயது இளைஞனுக்கு அதனை ஏன் கொடுக்க வேண்டும்? அந்நகரின் எக்செல்சியர் கழகத்துக்காக அவன் பந்தெறிய வேண்டும் என்பதே காரணம். ஆட்டக்காரர் பணம் பெறுதல் கூடாது என்பது அன்றைய பேஸ்போற் சங்கத்தின் விதி. விதியை மீறவும் வேண்டும், மீறாததுபோற் காட்டவும் வேண்டும். எனவே நல்ல பந்தெறிவாளர்கள் கணக்கெழுதுவோராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் வேடம் புனைந்தனர்.

இந்தப் போலி வேடம் அவர் மனத்தை உறுத்தியது. நடிகனும் பாடகனும் தம் கலைக்குப் பணம் பெறும்போது பந்தாடுபவன் பெற்றால் மட்டும் குற்றமென்பது எவ்வாறு என்பதே அவருடைய வாதம். எம்மிடையேயும், கோயில் திருவிழாவில் நாதஸ்வர வித்துவானுக்குப் பேசிய தொகையைத் தாம்பாளத்தில் வைத்து எல்லோரும் காணக் கொடுக்கின்றோம். அதனால் அவருடைய வாசிப்பிற் பக்தி குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. கூலி பெறுவதில் இழிவில்லை. அதனை மறைக்க வேண்டியிருப்பதிலேதான் இழிவு உண்டு.

அந்த வியாபார நிலையம் விரைவிலேயே முறிந்துபோக, அவர் ரொக்ஃபோட்டுக்கே திரும்பினார். காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1869இல் ஊதியம் பெறும் ஆட்டக்காரரைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஹரி ரைட் என்பவருடைய தலைமையில் சின்சினாட்டி நகரத்து அணி சம்பளக் கணக்கை ஒளிக்காமலே நாடெங்கும் ஆடி வெற்றிமேல் வெற்றி கண்டது. அதே ரைட் 1871இல் பொஸ்டன் நகருக்கு அணி திரட்டியபோது ஸ்போல்டிங்கையும் அழைத்துக்கொண்டார். இம்முறை பலசரக்குக் கடை இல்லை, பந்தெறிவதற்கே சம்பளம்.

நாற்பத்தைந்து அடி தூரத்தில்

இன்றைய பேஸ்போற் பந்தெறிவாளர் மேடான இடத்தில் நின்று, தோளுக்கு மேலாகக் கையைச் சுழற்றி, 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து எறிகின்றார். ஸ்போல்டிங்கின் நாளில் தூரம் 45 அடிதான். கையைக் கீழிருந்து வீசியே எறிய வேண்டும். உயரமான பந்து வேண்டுமா, தாழ்ந்த பந்து வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்கும் உரிமை அடிப்பவருக்கு இருந்தது. இத்தனை கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஏமாற்றுவது எவ்வாறு?

ஆறடிக்கு மேல் உயர்ந்த அவர், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவசரமின்றி நிற்பார். கையின் அசைவு எப்பொழுதும் ஒன்றே. பந்தின் வேகமோ ஒவ்வொரு முறையும் வேறு. விரைந்து வருமென்று தடியை ஓங்கியவனுக்குப் பந்து தயங்கித் தயங்கி வரும். தயங்குமென்று காத்தவனை நொடியிற் கடந்துவிடும். உடல் வலியைக் காட்டிலும் மனிதரை அறியும் அறிவே அவருடைய கருவி. அவ்வறிவு பின்னாளில் வியாபாரத்திலும் அவருக்கு உதவியது. வேறு சில காரியங்களுக்கும் உதவியது.

பொஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதலிடம் பெற்றது. 1875ஆம் ஆண்டில் மட்டும் ஸ்போல்டிங் வென்ற ஆட்டங்கள் 54, தோற்றவை 5. அவருடைய ஆட்டவாழ்வு முழுவதையும் சேர்த்தால் 252 வெற்றி, 65 தோல்வி. ஐந்து ஆட்டங்களில் ஏறக்குறைய நான்கை வென்றவர் என்று சிறுவர்களும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இடையில் 1874இல் பொஸ்டன், பிலடெல்பியா அணிகள் இங்கிலாந்து சென்று பேஸ்போலை ஆடிக் காட்டின. ஏற்பாடுகளைச் செய்யும்படி இருபத்துமூன்று வயது ஸ்போல்டிங்கே முன்னதாக அனுப்பப்பட்டார். கிரிக்கெட்டின் தாயகத்தில் அமெரிக்கர் கிரிக்கெட்டும் ஆட வேண்டியதாயிற்று. பதினொருவருக்கு எதிராகப் பதினெண்மரை இறக்கி ஆடியதாலோ என்னவோ, அவர்கள் ஒன்றிலும் தோற்காமல் ஊர் திரும்பினர்.

கையுறையும் வெட்கமும்

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல எமக்கு மனமில்லை. அந்நாளில் ஆட்டக்காரர் எவரும் கையுறை அணிவதில்லை. வன்மையான பந்தை வெறுங்கையாற் பிடித்து விரல் முறிந்தோர் பலர். விரல் முறிவே வீரத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது. 1875இல் பொஸ்டன் மைதானத்தில் வெயிற் என்னும் ஆட்டக்காரர் ஒரு கையுறையோடு நிற்பதை ஸ்போல்டிங் கண்டார். பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாதிருக்கும்படி அது உடலின் நிறத்திலேயே செய்யப்பட்டிருந்தது. அணிவதற்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது, ஆனால் கையைக் காக்க வேண்டுமே என்று அம்மனிதர் ஒப்புக்கொண்டாராம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்போல்டிங் தாமே கையுறை அணிந்தார். அவர் தேர்ந்த நிறம் கறுப்பு. மைதானத்தின் மறு கோடியிலிருந்தும் தெரியும். புகழ்பெற்ற வீரர் அணிந்தமையால் எவரும் நகைக்கவில்லை. நாளடைவில் எல்லோரும் அணியலாயினர். கையுறை விற்ற கடைகளுள் முதன்மையானது எதுவென்று கேட்டால், அதுவும் அவருடைய கடைதான்! ஊரார் வெட்கப்பட்டு மறைத்த கூலியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் ஒருவர். மறைத்த கையுறையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டினாலும் பிறர் நன்மை பெற்றனர்; அவரும் நன்றாகப் பொருள் ஈட்டினார். இதனைக் குறையாகச் சொல்ல மாட்டோம்.

எதிர்க்கரை

1875ஆம் ஆண்டின் நடுவில், பொஸ்டனுக்காக ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்போல்டிங்கும் வேறு மூவரும் அடுத்த ஆண்டு சிக்காகோவுக்கு ஆடுவதென்று இரகசியமாக ஒப்பந்தம் செய்தனர். அவர்களை அழைத்தவர் சிக்காகோக் கழகத்தின் வில்லியம் ஹல்பேட். செய்தி கசிந்ததும் பொஸ்டன் மக்கள் கொதித்தெழுந்தனர். தெருச் சிறுவர்களும் துரோகிகள் என்று கூவினர். ஆயினும் அந்நால்வர் செய்தது சட்டப்படி குற்றமன்று. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தால், அதிக சம்பளம் தருபவரிடம் செல்வது உழைப்பவன் உரிமை. அவ்வுரிமையைப் பயன்படுத்தியே அவர் சிக்காகோ சென்றார். வாசகர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1876 பெப்ரவரியில் ஹல்பேட் தேசிய லீக்கை நிறுவினார். ஸ்போல்டிங் அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டே சிக்காகோ முதலிடம் பெற்றது; பந்தெறிவாளரும் முகாமையாளருமாக நின்ற ஸ்போல்டிங் 47 ஆட்டங்களை வென்றார். அதே ஆண்டில், தாயார் கொடுத்த 800 டொலரை முதலாக இட்டு, தம்பி வோல்டரோடு சேர்ந்து விளையாட்டுப் பொருட் கடையொன்றைத் திறந்தார். லீக்கின் பந்துகளை அவர் கடை வழங்கியது. லீக்கின் ஆண்டு வழிகாட்டி நூலும் அங்கிருந்தே வெளிவந்தது. இருபத்தெட்டு வயது நிரம்புமுன்னரே அவர் ஆட்டத்தை விட்டார். 1882இல் ஹல்பேட் மறைந்தபின் சிக்காகோக் கழகத்தின் தலைவரானார். கூலி கேட்டவர் கூலி கொடுப்பவராயினார்.

இதற்கிடையில் 1879இல் கழக உரிமையாளர்கள் ஒரு விதியை வகுத்திருந்தனர். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்தாலும் பிற கழகங்கள் அவர்களை அழைத்தல் கூடாது. ஐவராகத் தொடங்கிய எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகி, அணி முழுவதையும் விழுங்கியது. கழகம் விட்டாலன்றி ஆட்டக்காரன் வேறிடம் செல்ல வழியில்லை; கழகம் விரும்பினால் அவனை விற்கலாம். 1887இல் மக்களின் பேரன்புக்குரிய மைக் கெலி என்னும் வீரரை ஸ்போல்டிங் 10,000 டொலருக்குப் பொஸ்டனுக்கு விற்றார்.

இவ்விதியை ஆக்கியவர் ஸ்போல்டிங் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் வலிமைமிக்க காவலர்களுள் ஒருவரானார். 1875இல் அது நடைமுறையில் இருந்திருந்தால் அவர் சிக்காகோவின் எல்லையையும் மிதித்திருக்க முடியாது. மாமியாரும் ஒரு வீட்டு மருமகளே என்பது நமது பழமொழி. மருமகளாயிருந்த நாளை மாமியார் மறப்பது எமது குடும்பங்களில் மட்டும் நிகழ்வதன்று.

கொழும்பில் ஒரு சனிக்கிழமை

1888ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஸ்போல்டிங் இரண்டு அணிகளோடு சிக்காகோவிலிருந்து புறப்பட்டார். ஒன்று அவருடைய சிக்காகோ அணி. மற்றது பல கழகங்களிலிருந்து திரட்டிய அகில அமெரிக்க அணி. உலகுக்குப் பேஸ்போலைக் காட்டுவது ஒரு நோக்கம். பந்தும் தடியும் விற்பதற்குப் புதிய சந்தைகளைக் காண்பது மற்றொரு நோக்கம். அன்று 800 டொலர் கொடுத்த தாயாரும் இப்பயணத்தில் மகனோடு சென்றார்.

ஹவாய், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகியவற்றைக் கண்டபின் அவர்களுடைய கப்பல் கொழும்பை அடைந்தது. 1889 சனவரி 26ஆம் நாள் சனிக்கிழமை, இரு அணிகளும் கொழும்பில் மோதின. ஐந்து ஆட்டமுறைகளோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது, இரு பக்கமும் மும்மூன்று ஓட்டங்கள், வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. பின்னர் சூயஸ் வழியே எகிப்துக்குச் சென்று பிரமிட்டுகளின் அருகே ஆடினர். ரோமாபுரியிலும் பாரிசிலும் இலண்டனிலும் ஆடினர்.

அக்குழுவில் இருவரை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஒருவர் அகில அமெரிக்க அணியின் தலைவர் ஜோன் மொன்கொமரி வாட். அவரும் முன்னாளிற் சிறந்த பந்தெறிவாளர். ஆடிக்கொண்டே சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1885இல் ஆட்டக்காரருக்கென ஒரு தொழிற்சங்கத்தை நிறுவியவர். ஆட்டக்காரன் மனிதனா, கைமாறும் உடைமையா என்று பத்திரிகையிற் கேட்டவர். அவர் கடற்பயணத்தில் இருக்கையிலேயே அமெரிக்காவிற் கழக உரிமையாளர்கள் புதியதொரு திட்டத்தை நிறைவேற்றினர். ஆட்டக்காரரை ஐந்து வகுப்பாகப் பிரித்து, 1,500 முதல் 2,500 டொலர் வரை சம்பள எல்லை விதிப்பது அத்திட்டம். மைதானத்துக்கு வெளியே ஒருவனுடைய நடத்தையும் அவன் வகுப்பைத் தீர்மானிக்கும். தொழிலாளரின் தலைவர் உலகின் மறுபக்கத்தில், முதலாளியின் விருந்தினராகக் கப்பலில் இருந்தார்! இதனைச் சூழ்ச்சி என்று பலர் ஐயுற்றனர். இவ்விருவரும் ஒரே கப்பலிலே கொழும்பை அடைந்தனர் என்பதை எண்ணும்போது, அன்றைய சமநிலை ஆட்டத்தைவிடப் பெரிய ஆட்டமொன்று மேல்தட்டில் நடந்துகொண்டிருந்ததாக எமக்குத் தோன்றுகின்றது.

மற்றவர் கிளாரன்ஸ் டுவால் என்னும் கறுப்பின இளைஞர். ஆடவும் பாடவும் வல்லவர். அணிக்கு நற்சகுனம் தரும் உருவம் என்று சொல்லி அவரை அழைத்துச் சென்றனர்; வழியெங்கும் கேலிப் பொருளாக நடத்தினர். சிக்காகோ அணியின் தலைவர் அன்சன், கறுப்பினத்தவரோடு ஒரே மைதானத்தில் ஆட மறுத்தவர். அந்தக் கதவு 1947இல் ஜக்கி ரொபின்சன் வரும்வரை திறக்கவில்லை. கூலி பெறும் உரிமை யார் யாருக்கு என்ற கேள்வியில், டுவாலைப் போன்றோருக்குக் கேட்கும் இடமும் கிடைக்கவில்லை.

விலைக்கு அகப்படாதவர்

பயணம் முடிந்ததும் போர் மூண்டது. வாட்டின் தலைமையில் ஆட்டக்காரர் 1890இல் தமக்கென ஒரு லீக்கையே அமைத்தனர். புகழ்பெற்ற வீரர்களுட் பெரும்பாலோர் அங்கே சென்றுவிட்டனர். தேசிய லீக்கின் தரப்பிற் போரை நடத்தியவர் ஸ்போல்டிங். அவர் முதலிற் குறிவைத்தவர், முன்பு தாம் விற்ற மைக் கெலி.

இந்நிகழ்ச்சியையும் ஸ்போல்டிங்கே தம் நூலில் எழுதியிருக்கின்றார். கெலியை அழைத்து 10,000 டொலர் காசோலையை மேசைமேல் வைத்தார். மூன்றாண்டு ஒப்பந்தத்தையும் வைத்து, சம்பளத் தொகையை நீரே நிரப்பிக்கொள்ளும் என்றார். கெலி ஊதாரி, பணமுடையிலிருந்தவர். சற்று உலாவி வருகிறேன் என்று வெளியே போனார். திரும்பி வந்து, பணம் எனக்குத் தேவைதான், ஆனால் தோழரைக் கைவிட என்னால் இயலாது என்ற கருத்திலே மறுத்துவிட்டார். ஸ்போல்டிங் அவர் கையைப் பற்றிப் பாராட்டினார். அவ்வேளையில் கெலி 500 டொலர் கடன் கேட்க, அதனையும் கொடுத்தனுப்பினார்.

இருவருடைய நெஞ்சையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி இது. மைதானத்தில் விற்கப்பட்ட விலையும் மேசைமேல் வைக்கப்பட்ட விலையும் ஒன்றே. முதல் முறை கெலியைக் கேட்காமல் விற்றனர், இரண்டாம் முறை கேட்டபோது அவர் விற்பனைக்கில்லை என்றார். ஸ்போல்டிங்கையும் முற்றாக வெறுக்க எம்மால் இயலவில்லை. தாமும் ஒருகால் ஆட்டக்காரராயிருந்ததை அந்த ஒரு கணம் அவர் மறக்கவில்லை. ஆனால் மறுநாளே போரைத் தொடர்ந்தார். இரு தரப்பும் பணத்தை இழந்துகொண்டிருந்தபோது, எதிர்த் தரப்புக்குப் பணம் போட்டவர்களை அச்சுறுத்திப் பணிய வைத்தார். ஆட்டக்காரரின் லீக் ஓராண்டோடு மறைந்தது. கையசைவை மாற்றாமல் வேகத்தை மாற்றும் பழைய வித்தை அங்கும் பலித்தது.

எழுதி வைத்த வரலாறு

இறுதிக் காலத்தில் அவர் வரலாற்றையும் தம் விருப்பப்படி அமைக்க முயன்றார். பேஸ்போல் இங்கிலாந்துச் சிறுவர் ஆட்டத்திலிருந்து வளர்ந்தது என்றார், அங்கு பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய பத்திரிகையாளர் ஹென்றி சட்விக். ஸ்போல்டிங்குக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய முயற்சியால் 1905இல் ஒரு குழு அமைந்தது. கூப்பஸ்ரவுன் என்னும் ஊரில் அப்னர் டபிள்டே 1839இல் இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார் என, ஒரு முதியவரின் ஞாபகத்தை நம்பி அது 1907இன் முடிவில் அறிக்கை எழுதியது. டபிள்டே அவ்வாண்டிலே இராணுவக் கல்லூரி மாணவர்; 1893இல் இறக்கும் வரை தாம் எதையும் கண்டுபிடித்ததாகச் சொன்னவருமல்லர். அறிஞர் அக்கதையை இன்று ஏற்பதில்லை. ஆயினும் அக்கதையின் பலத்திலேயே கூப்பஸ்ரவுனிற் பேஸ்போல் வீரர்களுக்குப் புகழ்மண்டபம் எழுந்தது. 1939இல் அது திறக்கப்பட்ட ஆண்டிலேயே ஸ்போல்டிங்கின் பெயரும் அங்கே இடம்பெற்றது.

முதல் மனைவி மறைந்தபின் அவர் மணந்த அம்மையார் பிரமஞான சங்கத்தில் ஈடுபாடுடையவர். இருவரும் கலிபோர்னியாவில் அச்சங்கத்தார் வாழ்ந்த பொயின்ற் லோமாவிற் குடியேறினர். அங்கேயே 1915 செப்டெம்பர் 9ஆம் நாள், தமது அறுபத்தைந்தாவது வயதில் ஸ்போல்டிங் காலமானார்.

அவர் காத்துநின்ற ஒதுக்கீட்டு விதி அவருக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் நிலைத்தது. 1975 திசெம்பரில் நடுத்தீர்ப்பாளர் ஒருவர் அதன் பிடியைத் தளர்த்தினார். அன்று வழக்காடிய மெசர்சிமித், மக்நலி ஆகிய இருவரும் பந்தெறிவாளர்களே! ஒப்பந்தம் முடிந்தவன் தன் உழைப்பை விரும்பியவரிடம் கொடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் பொஸ்டனிலிருந்து சிக்காகோ சென்ற இளைஞனுக்கு இருந்த உரிமை அது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஸ்போல்டிங்கை வீரர் என்று கொண்டாடுவதா, முதலாளி என்று இகழ்வதா என்று மாணவர்கள் எம்மைக் கேட்கக்கூடும். இரண்டில் ஒன்றைத் தேர்வது அவசியமென்று நாம் கருதவில்லை. உழைப்புக்குரிய கூலியைத் தலைநிமிர்ந்து கேட்கும் துணிவு அவரிடம் இருந்தது. அதனைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். தமக்கு நியாயமாகத் தோன்றியது பிறருக்கும் நியாயமே என்று ஏற்கும் துணிவு அவரிடம் குறைந்திருந்தது. அதனைக் கற்க வேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். கடையில் ஆள் வைத்திருப்போரும், காரியாலயத்தில் மேலதிகாரியாய் அமர்ந்தோரும், வீட்டில் வேலைக்கு ஆள் அமர்த்தியோரும், தாம் முதற்சம்பளம் வாங்கிய நாளை ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு, எதிரே நிற்பவருடைய கூலியைப் பேசுதல் நன்று.